தீக்கு அணை: ‘14% கட்டுக்குள்’ என்றால் என்ன?

2025 ஜனவரி 13. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மேற்கு ஓரத்தில் பாலிசேட்ஸ் தீ பற்றி ஏறக்குறைய ஒரு வாரம். டிவியின் அடியில் ஓடிய வரி இப்படிச் சொன்னது: 23,713 ஏக்கர், 14% கட்டுக்குள். அதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார், “அப்போ மிச்சம் 86 சதவீதம் இன்னும் எரிஞ்சுக்கிட்டே இருக்கா?”

நியாயமான கேள்வி. செய்தி வாசிப்பவர்களே சில சமயம் அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். ஆனால் பதில் ‘இல்லை’. சொல்லப்போனால், அந்த நாளுக்குப் பிறகு அந்தத் தீ பெரிதாக வளரவே இல்லை. கடைசியாக அறிவித்த பரப்பு 23,448 ஏக்கர். ஓரங்களைத் திருத்தமாக அளந்தபோது கணக்கு கொஞ்சம் குறைந்தே போனது. அப்படியிருந்தும் அந்த 14%, 100% ஆவதற்கு ஜனவரி 31 வரை பிடித்தது.

வளராத தீயைக் கட்டுக்குள் கொண்டுவர எதற்கு 18 நாள்? இதைப் புரிந்துகொண்டால் காட்டுத்தீச் செய்திகளில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதி, மக்களை எப்போது வெளியேற்றுவது, எப்போது திரும்ப விடுவது என்பது. அதற்கும் இந்தச் சதவீதத்துக்கும் நாம் நினைக்கிற அளவு சம்பந்தம் கிடையாது.

ஓரத்தின் கணக்கு

தமிழில் ‘அணை’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. விளக்கை அணைக்கிறோம், ஆற்றுக்கு அணை கட்டுகிறோம். பெரிய காட்டுத்தீயில் முதலில் நடப்பது இரண்டாவது. ஆயிரக்கணக்கான ஏக்கர் எரியும்போது அத்தனையையும் தண்ணீர் ஊற்றி அவிக்க எந்த நாட்டிலும் தண்ணீர் கிடையாது, ஆளும் கிடையாது. உள்ளே எரிவது எரிந்து தீரட்டும், வெளியே மட்டும் போகக் கூடாது. இதுதான் திட்டம்.

தோட்டத்து மூலையில் சருகைக் குவித்துக் கொளுத்துகிற பெரியவர் என்ன செய்வார்? முதலில் சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்குக் கூட்டித் தள்ளி வெறும் தரையாக்கிவிட்டு, அப்புறம்தான் தீக்குச்சியை உரசுவார். நெருப்பு தவழ்ந்து வந்தாலும் அந்த வெறும் தரையைத் தாண்ட அதற்குத் தீனி இல்லை. முதுமலையில் ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் வனத்துறை சாலையோரப் புல்லையும் புதரையும் அகற்றித் ‘தீத்தடுப்புக் கோடு’ போடுவதும் இதே தத்துவம்தான். கலிஃபோர்னியாவில் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே, அதன் ஓரத்தை ஒட்டி, அவசர அவசரமாக இந்தக் கோட்டைப் போடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடு பல விதமாக உருவாகும். சமவெளியில் புல்டோசர் ஓட்டிச் செடிகொடிகளைப் பெயர்த்துத் தள்ளலாம். செங்குத்தான மலைச்சரிவில் புல்டோசர் ஏறாது. அங்கே சுமார் 20 பேர் கொண்ட குழு வரிசையாக நடந்துபோய்க் கையால் வெட்டும். முன்னால் போகிறவர்கள் மோட்டார் ரம்பத்தால் புதரை அறுக்க, பின்னால் வருகிறவர்கள் வேரையும் மட்கையும் சுரண்டி எடுத்து, வெறும் மண் தெரியும் வரை கொத்திக்கொண்டே போவார்கள். அவர்கள் கையில் இருக்கும் முக்கியக் கருவியின் பெயர் புலாஸ்கி. ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் மண்வெட்டி மாதிரியான அலகு. 1910-ல் ஐடஹோ மாநிலத்தில் மூண்ட மாபெரும் தீயில், தன் ஆட்களைப் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் அழைத்துப்போய்ப் பெரும்பாலோரை உயிரோடு மீட்ட எட் புலாஸ்கி என்ற வனத்துறை ஊழியரின் பெயர் அது. விமானமும் செயற்கைக்கோளும் வந்த பிறகும் அந்தக் கருவியை யாரும் ஓரங்கட்டவில்லை.

எல்லாக் கோட்டையும் வெட்டியாக வேண்டும் என்பதில்லை. அகலமான தார்ச்சாலை ஒரு கோடு. ஆறு ஒரு கோடு. போன வருடம் எரிந்து மொட்டையாகக் கிடக்கும் மலைச்சரிவு ஒரு கோடு. பாலிசேட்ஸ் தீ மலிபு கடற்கரை வரை இறங்கியது. அந்தப் பக்கம் பசிபிக் பெருங்கடலே கோடு. சில இடங்களில் கோட்டுக்கும் தீக்கும் நடுவே எரியாத புதர் மிச்சம் இருந்தால், கோட்டின் ஓரமாகத் தாங்களே நெருப்பு வைத்து அதை எரித்துவிடுவார்கள். நம் வனத்துறையினர் ‘எதிர்த்தீ’ என்று சொல்வது இதைத்தான். பெரிய தீ அங்கே வந்து சேரும்போது தின்ன எதுவும் இருக்காது.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். எரிந்த பரப்பைச் சுற்றி ஒரு வரைகோடு வரைந்தால் கிடைக்கும் சுற்றளவுதான் கணக்குக்கு அடிப்படை. உதாரணத்துக்கு அந்தச் சுற்றளவு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் 7 கி.மீ. நீளத்துக்குக் கோடு முடிந்து, ‘இந்த இடத்தில் தீ இனித் தாண்டாது’ என்று களத்தில் இருக்கும் தலைமை அதிகாரிகள் நம்பினால், 14%. மீதி 43 கி.மீ. எரிந்துகொண்டிருக்கலாம், புகைந்துகொண்டிருக்கலாம், முழுக்கக் குளிர்ந்தும் போயிருக்கலாம். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். அணைந்த அளவை அளக்காமல், நம்பக்கூடிய ஓரத்தின் நீளத்தை அளக்கிற எண் இது.

அதனால்தான் தீ வளராமல் நின்ற பிறகும் எண் நத்தை வேகத்தில் நகர்ந்தது. பாலிசேட்ஸ் தீ எரிந்த சான்டா மோனிகா மலையின் சரிவுகள் செங்குத்து. ஒவ்வொரு மீட்டரையும் ஆள் நடந்து பார்த்தாக வேண்டும். மேலும், ஜனவரி 13 முதல் 15 வரை மறுபடியும் பலத்த காற்று வரும் என்று வானிலைத் துறை எச்சரித்திருந்தது. காற்று அடித்துப் பார்த்த பிறகும் கோடு தாங்குகிறதா என்று தெரியாமல் யார் கையெழுத்துப் போடுவார்?

எண் குறையவும் செய்யும். இது பலரைக் குழப்பும். 2021-ல் வடக்குக் கலிஃபோர்னியாவில் எரிந்த டிக்ஸி தீ, ஆகஸ்ட் தொடக்கத்தில் 35% கட்டுக்குள் இருந்தது. சில நாள் கழித்து 21%. போட்ட கோட்டை யாரோ அழித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. தீ ஒரே பாய்ச்சலாக விரிந்து கிரீன்வில் என்ற சிற்றூரையே விழுங்கிவிட்டது, சுற்றளவு நீண்டது. முடிந்த கோட்டின் நீளம் அப்படியே இருக்க, சுற்றளவு மட்டும் வளர்ந்தால் சதவீதம் இறங்கத்தானே செய்யும்? ஜூலை 13-ல் தொடங்கிய அந்தத் தீ, கடைசியில் 9,63,309 ஏக்கரை எரித்துவிட்டு, அக்டோபர் 25-ல்தான் 100% ஆனது.

100% என்றாலும் அணைந்ததாக அர்த்தமில்லை

கோடு சுற்றிவந்து மூடிக்கொண்டுவிட்டது, சரி. உள்ளே? மண்ணுக்கடியில் வேர்கள் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அடுப்புச் சாம்பலுக்குள் இரவெல்லாம் கங்கு உயிரோடு கிடந்து, காலையில் ஊதினால் பிடித்துக்கொள்வது பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதேதான்.

ஆகவே கோடு போட்ட குழுவுக்கு அடுத்த வேலை, ஓரத்திலிருந்து உள்பக்கமாகப் போய்ச் சாம்பலைக் கிளறிக் கனலைத் தேடித் தேடி அவிப்பது. கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புறங்கைத் தோல் மென்மையானது, சட்டென்று உணரும். வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புக் கேமராவோடு இரவில் விமானமும் ட்ரோனும் சுற்றுகின்றன. ஆனாலும் ஆழத்தில் கிடக்கும் வேர்க்கனல் எல்லாம் மேலிருந்து தெரிந்துவிடாது. படம் எடுக்க யாரும் வராத வேலை இது. புகையும் அழுக்கும் முதுகுவலியும்தான் மிச்சம். என் கணிப்பில் காட்டுத்தீயில் அதிகம் உயிர்காப்பது இதுவாகத்தான் இருக்கும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பாலிசேட்ஸ் தீயின் கதையே இங்கேதான் தொடங்குகிறது. 2025 புத்தாண்டு நள்ளிரவு தாண்டியதும் அதே மலையில் லாக்மன் தீ என்ற சிறிய தீ பிடித்தது. சுமார் 8 ஏக்கர். வீரர்கள் வந்து மடக்கிவிட்டார்கள். ஆனால் வேர்களுக்கடியில் அது உயிரோடு இருந்தது என்றும், ஜனவரி 7-ல் வீசிய காற்றில் மேலே எழுந்து பாலிசேட்ஸ் தீயாக ஆனது என்றும் 2025 அக்டோபரில் மத்திய அரசின் வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். புத்தாண்டுத் தீயை வைத்ததாக ஒருவர் மீது குற்றமும் சாட்டினார்கள். 8 ஏக்கரில் மிஞ்சிய கனல், ஆறு நாள் கழித்து 6,800-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது, 12 பேரைக் கொன்றது.

இந்தத் துறையில் ‘மடக்கியாயிற்று’, ‘அடங்கிவிட்டது’, ‘அணைந்துவிட்டது’ என்பவை தனித்தனிப் படிகள். நம் செய்திகளில் மூன்றும் ஒரே வாக்கியமாகிவிடுகின்றன.

வானத்திலிருந்து வருவது

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் விமானங்களைத்தான். இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ ஒன்றைக் கொட்டிவிட்டு மலைக்குப் பின்னால் மறையும். அந்தத் திரவம் பெரும்பாலும் தண்ணீரும் அம்மோனியம் பாஸ்பேட் வகை உப்பும் கலந்தது. எந்த இடத்தில் கொட்டினோம் என்று விமானிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நிறம். அதை எரியும் தீயின் மேல் கொட்டுவதில்லை, தீ வரப்போகும் பாதையில் கொட்டுகிறார்கள். செடியின் மேல் படிந்து, தீ பற்றுவதைத் தாமதப்படுத்தும். அந்த இடைவெளியில் தரையில் இருப்பவர்கள் கோட்டை முடித்துவிட வேண்டும். தரையில் ஆள் இல்லாவிட்டால் அந்தச் சாயத்துக்குப் பெரிய பலன் இல்லை.

தண்ணீர் கொட்டுவதற்கென்றே இன்னொரு வகை விமானம் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வருடாவருடம் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரம் குத்தகைக்கு எடுக்கும் மஞ்சள் நிற சி.எல். 415. கடல் மேல் உரசியபடி பறந்து, சுமார் 12 விநாடியில் 6,000 லிட்டருக்கு மேல் அள்ளிக்கொண்டு மேலேறும். ஜனவரி 9-ல் அப்படிப்பட்ட ஒரு விமானத்தின் இறக்கையில், பறக்கத் தடை செய்த பகுதிக்குள் வேடிக்கை பார்க்க யாரோ ஏவிய ட்ரோன் மோதியது. இறக்கையில் ஓட்டை. விமானம் சில நாள் தரையில் நின்றது. அந்த வட்டாரத்துக்கு அப்போது இருந்ததே அப்படி இரண்டு விமானம்தான்.

ஆனால் விமானத்துக்கு ட்ரோனைவிடப் பெரிய எதிரி காற்று. ஜனவரி 7 இரவு காற்றின் வேகத்தில் விமானங்கள் பறக்கவே முடியவில்லை, எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். பறந்திருந்தாலும் கொட்டிய தண்ணீர் தரையைத் தொடுமுன் சிதறிப் போயிருக்கும்.

கோட்டைத் தாண்டிப் பறக்கும் தீ

அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சான்டா ஆனா என்று பெயர். உள்நாட்டுப் பாலைவன மேட்டிலிருந்து கடலை நோக்கி மலைக் கணவாய்கள் வழியே இறங்கும் வறண்ட காற்று. இறங்க இறங்க அழுத்தத்தால் சூடேறும், ஈரப்பதம் இன்னும் குறையும். 2025 ஜனவரி 7 இரவும் மறுநாள் காலையும் மலைப் பகுதிகளில் மணிக்கு 130 கி.மீ.க்கும் மேல் வீசியது. அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலங்களில் நல்ல மழை. புல்லும் புதரும் மதாளித்து வளர்ந்திருந்தன. பிறகு 2024 மே மாதம் முதல் நகரின் மையத்தில் பெய்த மழை மொத்தமே சுமார் 4 மில்லிமீட்டர். நன்றாக வளர்த்து, நன்றாகக் காயவைத்து, மேலே விசிறியும் போட்ட மாதிரி.

இப்படிப்பட்ட காற்றில் கோடு என்ற யோசனையே உடைந்துபோகிறது. தவழ்ந்து வரும் தீயைத்தான் வெறும் மண் தடுக்கும். காற்று தீப்பொறிகளை அள்ளிக்கொண்டு நூற்றுக்கணக்கான மீட்டர், சில நேரம் கிலோமீட்டர் கணக்கில் தாண்டிப் போட்டால், எட்டு வழிச்சாலைகூட அதற்கு ஒரு பொருட்டில்லை. 7-ஆம் தேதி மாலை ஈட்டன் பள்ளத்தாக்குக்கு அருகே பிடித்த இன்னொரு தீ இப்படித்தான் ஆல்டடீனா என்ற ஊருக்குள் நுழைந்தது. பொறி விழுந்தது மழைநீர்க் கால்வாயில் கிடந்த சருகில், கூரைக்கடியில் இருந்த காற்றோட்டத் துளைகளில், மரவேலியில். ஒரு வீடு எரிந்தால் அதன் வெப்பமே பக்கத்து வீட்டைப் பிடிக்க வைக்கும். அந்தக் கட்டத்துக்கு மேல் அது காட்டுத்தீ இல்லை, ஊர்த்தீ. ஈட்டன் தீ எரித்தது 14,021 ஏக்கர்தான். பாலிசேட்ஸை விடச் சிறியது. அழித்த கட்டடங்களோ 9,400-க்கும் மேல். ஏக்கர் கணக்கை வைத்து ஒரு தீயின் கொடுமையை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த இரவில் பாலிசேட்ஸ் மேட்டுப் பகுதியில் சில தீயணைப்புக் குழாய்கள் வற்றிப்போனது பெரிய சர்ச்சை ஆனது. அந்தப் பகுதிக்குத் தண்ணீர் தருபவை தலா 10 லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் கொள்ளும் மூன்று தொட்டிகள். 8-ஆம் தேதி அதிகாலை 3 மணிக்குள் மூன்றும் காலி. அருகிலிருந்த சான்டா இனெஸ் நீர்த்தேக்கம் மூடியைப் பழுதுபார்ப்பதற்காக முன்பே வற்றவைக்கப்பட்டிருந்தது. கோபம் நியாயம்தான். இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊர்க் குழாய் அமைப்பு என்பது ஒன்றிரண்டு வீடு எரிந்தால் அணைக்கும் கணக்கில் கட்டுவது. ஒரே இரவில் ஒரு நகர்ப்பகுதியே எரிவதற்குப் பொதுவாக ஊர்கள் குழாய் போட்டு வைப்பதில்லை.

காற்று இருக்கும் வரை வீரர்கள் கோட்டை மறந்துவிட்டு மனிதர்களை வெளியே கொண்டுவரும் வேலைக்கு மாறிவிடுகிறார்கள். முதல் இரண்டு நாளும் ‘0% கட்டுக்குள்’ என்று செய்தி வந்தபோது, யாரும் எதுவும் செய்யவில்லை போல என்று பலர் நினைத்தார்கள். அந்த 0%-க்குள் எத்தனை பேர் உயிரோடு வெளியே வந்தார்கள் என்பதற்கு அந்த எண்ணில் இடம் கிடையாது.

கிளம்பு என்று யார் சொல்வது, எப்போது?

கலிஃபோர்னியாவில் வெளியேற்ற அறிவிப்பு இரண்டு படி. முதலாவது எச்சரிக்கை: தயாராக இருங்கள், மூட்டைமுடிச்சைக் காரில் ஏற்றுங்கள். முதியவர்கள், நோயாளிகள், கால்நடை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே கிளம்பிவிட வேண்டும். இரண்டாவது உத்தரவு: உடனே வெளியேறுங்கள், உயிருக்கு ஆபத்து. உத்தரவு வந்த பிறகும் ஒருவர் வீட்டிலேயே இருந்தால் பொதுவாக அவரைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். ஆனால் வெளியே போய்விட்டு, மூடிய பகுதிக்குள் திரும்ப நுழைவது குற்றம். ஊரையே மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அறிவிப்பு அந்த எண்ணைச் சொல்லித்தான் வரும். தன் மண்டல எண் தெரியாதவருக்கு அறிவிப்பு வந்தும் வராத மாதிரிதான்.

மண்டலப் பிரிவின் நோக்கம் நெரிசலைத் தவிர்ப்பது. எல்லோரையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் சாலை அடைத்துக்கொள்ளும். ஆகவே தீக்கு அருகில் இருப்பவர்கள் முதலில், மற்றவர்கள் அப்புறம். திட்டம் நல்லதுதான், தீ அந்த அவகாசத்தைக் கொடுக்கும் வரை.

2018 நவம்பர் 8-ல் அது கொடுக்கவில்லை. காலை ஆறரை மணி வாக்கில் மின்கோபுரத்தில் தேய்ந்துபோன ஒரு பழைய கொக்கி உடைந்ததில் தொடங்கிய கேம்ப் தீ, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாரடைஸ் என்ற ஊரைத் தொட்டுவிட்டது. ஊரில் 26,000-க்கும் மேற்பட்டவர்கள். மண்டலத் திட்டம் இருந்தது, ஒத்திகைகூடப் பார்த்திருந்தார்கள். ஆனால் தீ ஒரு மூலையிலிருந்து வரிசையாக வராமல், பொறிகளாகப் பறந்து ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விழுந்தது. முன்பே பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போகும் எச்சரிக்கை முறை என்பதால் நிறைய பேருக்குத் தகவலே போகவில்லை. சாலைகளில் கார்கள் நகராமல் நின்றன. 85 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

ஆல்டடீனாவில் வேறு மாதிரித் தவறு. லேக் அவென்யூ என்ற சாலை ஊரை நடுவில் பிரிக்கிறது. கிழக்கே இருந்தவர்களுக்கு 7-ஆம் தேதி மாலையே அறிவிப்புகள் வந்துவிட்டன. மேற்கே இருந்தவர்களுக்கு வெளியேற்ற உத்தரவு வந்தது மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகு. ஈட்டன் தீயில் இறந்த 19 பேரில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சாலைக்கு மேற்கே வாழ்ந்தவர்கள். அடுத்த நாள், 9-ஆம் தேதி, எதிர்த்திசையில் ஒரு தவறு: ஒரு சிறிய பகுதிக்குப் போக வேண்டிய வெளியேற்ற அறிவிப்பு, சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் போய்விட்டது. என்னைக் கேட்டால் இரண்டாவது தவறும் சாதாரணமானதில்லை. பொய்யாக அலறிய கைபேசியை அடுத்த முறை எத்தனை பேர் நம்புவார்கள்?

நன்றாக நடந்த கதையும் உண்டு. 2021 ஆகஸ்ட் 30-ல் கால்டோர் தீ நெருங்கியபோது, தாஹோ ஏரிக்கரையில் இருக்கும் சவுத் லேக் தாஹோ நகரத்தையே காலி செய்யச் சொன்னார்கள். சுமார் 22,000 பேர். பல மணி நேரம் கார்கள் ஊர்ந்தன, திட்டித் தீர்த்தார்கள், ஆனால் தீ வருவதற்கு முன் ஏறக்குறைய எல்லோரும் வெளியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தீ ஊருக்குள் வரவில்லை. செப்டம்பர் 5-ல் உத்தரவை எச்சரிக்கையாகக் குறைத்து மக்களைத் திரும்ப அனுமதித்தார்கள். அன்று கால்டோர் தீ 50% கூடக் கட்டுக்குள் வரவில்லை! ஊர்ப்பக்க ஓரம் நம்பகமாக இருந்தது, காற்று தணிந்தது, போதும். முழு 100% ஆனது அக்டோபர் 21-ல்.

பாலிசேட்ஸிலும் ஆல்டடீனாவிலும் நிலைமை தலைகீழ். சதவீதம் பாதியைத் தாண்டிய பிறகும் சோதனைச்சாவடியில் மக்களைத் திருப்பி அனுப்பினார்கள். எரிந்த ஊர், எரிந்த காடு மாதிரி இல்லை. அறுந்து தொங்கும் மின்கம்பி, கசியும் எரிவாயுக் குழாய், உள்ளே கனன்று எப்போது வேண்டுமானாலும் வெடிக்கக்கூடிய மின்கார் பேட்டரிகள். சாம்பலில் ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் முதலியவை இருக்கலாம். அழுத்தம் இழந்த குடிநீர்க் குழாய்களுக்குள் பென்சீன் போன்ற நஞ்சு நுழைந்துவிடும். பாரடைஸில் அதைக் கண்டுபிடித்த அனுபவத்தால், 2025-ல் இரண்டு ஊர்களிலும் ‘குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவைத்தும் குடிக்காதீர்கள்’ என்று வாரக்கணக்கில் அறிவிப்பு இருந்தது. காற்றுத் தரக் குறியீடு ‘நன்று’ என்று காட்டினாலும் நம்பக் கூடாது. அது அளப்பது புகையின் நுண்துகள் போன்றவற்றை. கிளறும்போது எழும் சாம்பல் அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் வீட்டைப் பார்க்கப் போகிறவர்களை N95 முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எரிந்த வீட்டின் நடுவே உட்கார்ந்து கல்யாண ஆல்பத்தைத் தேடுகிற ஒருவரிடம் இதையெல்லாம் சொல்வது எளிதில்லை.

அப்புறம் மழை

ஜனவரி 25-க்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் மழை பெய்தது. தீக்கு நல்லது, மலையடிவாரத்துக்குக் கெட்டது. எரிந்த சரிவில் மண்ணைப் பிடித்துவைக்கும் செடி இல்லை. மேல் மண்ணும் வெந்து, தண்ணீரை உறிஞ்சாமல் வழியவிடும் மெழுகுத்தன்மைக்கு மாறியிருக்கும். அரை மணி நேரக் கனமழை போதும், பாறையும் மரமும் சேறும் ஒன்றாக இறங்கிவிடும். வீரர்கள் அந்த வாரம் கங்கு தேடுவதோடு மணல்மூட்டையும் அடுக்கினார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம், கலிஃபோர்னியாவின் மான்டசீட்டோ என்ற ஊரில் நடந்தது. 2017 டிசம்பர் 4-ல் தொடங்கிய தாமஸ் தீ 2,81,893 ஏக்கரை எரித்தது. இறந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் தீயணைப்பு வீரர். புத்தாண்டு பிறந்தபோது தீ 90 சதவீதத்துக்கும் மேல் கட்டுக்குள் வந்திருந்தது; வெளியேறிய மக்கள் வீடு திரும்பியிருந்தார்கள். சில நாளில் மழை எச்சரிக்கை வந்தது, மறுபடியும் கிளம்புங்கள் என்றார்கள். பலர் கிளம்பவில்லை. 2018 ஜனவரி 9 அதிகாலை மலையிலிருந்து சேறு இறங்கி 23 பேரைக் கொண்டுபோனது.

தாமஸ் தீ 100% கட்டுக்குள் வந்துவிட்டது என்ற அறிவிப்பு வெளியான நாள் ஜனவரி 12. அன்றும் மான்டசீட்டோவில் சேற்றைத் தோண்டிக் காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.